எண்ணெய் பாட்டில் ஸ்டிக்கர்: ஓரத்தில் 2 மி.மீ. விட்டு அச்சிடுவது எப்படி?

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களில் கடலையும் தென்னையும் வைத்திருக்கும் சிறு விவசாயிகள், காயாகவோ பருப்பாகவோ மூட்டை கட்டி விற்பதைவிட, செக்கில் ஆட்டி அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில்களில் அடைத்து விற்றால் கூடுதல் விலை கிடைக்கும். பாரம்பரிய நெல் அரிசி, எள்ளுருண்டை, மோர் மிளகாய் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் புதுச்சேரி நகரத்துக் கடைக்காரர் சரக்கைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத்தான். எண்ணெயின் மணத்தை அவர் அப்புறம்தான் பார்க்கிறார்.

ஒரு மகளிர் குழு பொங்கலுக்கு முன் 1,000 ஸ்டிக்கர் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் பின்னணி, சுற்றிலும் மெல்லிய பச்சைக் கரை, நடுவில் கடலைச் செடி, அடியில் முகவரி. கம்ப்யூட்டர் திரையில் பார்க்கும்போது குறை ஒன்றும் தெரியவில்லை. அச்சாகி, வெட்டாகி வந்த கட்டைப் பிரித்தால், இடது ஓரத்தில் நூல் போல ஒரு வெள்ளைக் கீற்று. வலது ஓரத்தில் பச்சைக் கரையைக் காணோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணின் 14 இலக்கங்களில் கடைசி இலக்கம் பாதி அறுந்திருக்கிறது. அச்சகத்தாரைக் கேட்டால், "நீங்கள் கொடுத்த டிசைன்படிதான் அடித்தோம்" என்பார். அவர் சொல்வதும் பொய்யல்ல. பதிவு எண் சிதைந்த ஸ்டிக்கரை ஒட்டி விற்பது சட்டப்படி சரியில்லை. ஆகவே 1,000 ஸ்டிக்கரும் வீண், பண்டிகை விற்பனையும் போய்விடும்.

இந்த நஷ்டத்துக்குக் காரணம் ஒன்றிரண்டு மி.மீ. அளவுதான். அச்சிட்ட தாளை வெட்டும்போது கத்தி எப்போதும் கோட்டின் மேலேயே இறங்குவதில்லை. நூறு தாள்களை அடுக்கி வெட்டும் இயந்திரத்தில் கத்தியின் அழுத்தத்தால் தாள்கள் லேசாக நகரும். மேல் தாளுக்கும் அடித் தாளுக்கும் வித்தியாசம் வரும். கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் பிளாட்டர் இயந்திரத்திலும் தாளை உள்ளே இழுக்கும்போது அரை மி.மீ., ஒரு மி.மீ. விலகல் உண்டு. இது இயந்திரத்தின் இயல்பு. விலகல் வரும் என்று தெரிந்தே டிசைன் போடவேண்டும். வெள்ளாடு எட்டிக் கடிக்கும் என்று தெரிந்தவர் வேலியை ஒட்டி முருங்கைக் கன்று வைப்பாரா?

இதற்கு அச்சுத் தொழிலில் மூன்று எல்லைகள் வைத்திருக்கிறார்கள். நடுவில் இருப்பது வெட்டுக் கோடு. கத்தி போகவேண்டிய இடம். அதற்கு வெளியே பின்னணி நிறத்தை 2 அல்லது 3 மி.மீ. அதிகமாக நீட்டி அச்சிடுகிறார்கள். இந்த உபரி நிறத்துக்கு 'பிளீடு' என்று பெயர். கத்தி வெளியே சற்று விலகினாலும் அங்கேயும் மஞ்சள்தான் இருக்கும், வெள்ளை தெரியாது. மூன்றாவது எல்லை வெட்டுக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. கோட்டிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளித்தான் எழுத்து, எண், முத்திரை எல்லாம் வரவேண்டும். கத்தி உள்ளே விலகினாலும் அவற்றின்மேல் படாது.

அளவில் சொன்னால், முடிந்த ஸ்டிக்கர் 50 மி.மீ. அகலம், 70 மி.மீ. உயரம் என்றால், 2 மி.மீ. பிளீடு சேர்த்துப் பின்னணி 54 மி.மீ. அகலமும் 74 மி.மீ. உயரமும் இருக்கவேண்டும். எழுத்துக்கள் 44 மி.மீ. அகலம், 64 மி.மீ. உயரத்துக்குள் அடங்கவேண்டும். பிளீடு 2 மி.மீ. போதுமா, 3 மி.மீ. வேண்டுமா என்பது இயந்திரத்தைப் பொறுத்தது. டிசைன் தொடங்கும் முன்பே அச்சகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

சுற்றிலும் கரை போடும் ஆசை நம்மவர்களுக்கு அதிகம். கல்யாணப் பத்திரிகை முதல் காது குத்து அழைப்பு வரை கரை இல்லாமல் அடிப்பதில்லை. ஸ்டிக்கரில் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. விளிம்பிலிருந்து ஒரு மி.மீ. தூரத்தில் கரை இருந்தால், கத்தி அரை மி.மீ. விலகினாலும் ஒரு பக்கம் அரை, மறு பக்கம் ஒன்றரை என்று கோணல் கண்ணில் அடிக்கும். கரை வேண்டியே தீரும் என்றால் 3 மி.மீ. உள்ளே தள்ளிப் போடலாம். பின்னணியே வெள்ளையாக இருந்துவிட்டால் பிளீடு தொல்லையே இல்லை. முதல் தடவை அச்சிடுபவர்களுக்கு வெள்ளைப் பின்னணியே சிக்கனமும் பத்திரமும் ஆகும்.

தமிழ்நாட்டில் சிவகாசி இந்த லேபிள் தொழிலில் பழம் தின்ற ஊர். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் அவற்றோடு அச்சுத் தொழிலும் அங்கே வேர்விட்டது. அந்த லேபிள்களைப் பசை தடவித்தான் ஒட்டவேண்டும். பசை ஏற்கெனவே தடவி, பின்தாளிலிருந்து உரித்து ஒட்டும் லேபிளை 1935-ல் அமெரிக்காவில் ஸ்டான்டன் ஏவரி என்பவர் தொழிலாகத் தொடங்கினார். பின்தாள் வந்ததால் வெட்டும் முறையிலும் ஒரு புதுமை வந்தது. மேலே உள்ள ஸ்டிக்கர் தாளை மட்டும் வெட்டி, மெழுகுத் தாள் போல வழவழப்பான பின்தாளை வெட்டாமல் விடுவது அந்தப் புதுமை. இதை நம் பக்கத்து அச்சகங்களில் 'ஹாஃப் கட்' என்கிறார்கள். ஒரு ஷீட்டில் பல ஸ்டிக்கர்கள் அப்படியே நிற்கும். ஒவ்வொன்றாக உரித்து ஒட்டலாம். துண்டு துண்டாக நேராக வெட்டி வாங்கினால் கூலி குறையலாம். ஆனால் பின்தாளும் அதே அளவில் வெட்டுப்பட்டிருப்பதால் உரிக்க நகம் தேயும். நூறு பாட்டில் ஒட்டுபவருக்கு அந்த அருமை தெரியும்.

ஷீட்டில் எத்தனை ஸ்டிக்கர் அடங்கும் என்பதை விவசாயியே கணக்குப் போட்டுவிட்டு அச்சகத்துக்குப் போகலாம். நாற்று நடும்போது இடைவெளிக் கணக்குப் போடுவது போலத்தான் இதுவும். டிஜிட்டல் அச்சில் 12 அங்குலத்துக்கு 18 அங்குல ஷீட் பரவலாகப் பயன்படுகிறது. மி.மீ. கணக்கில் இது ஏறக்குறைய 305-க்கு 457. பிளாட்டரின் அடையாளக் குறிகளுக்கும் இயந்திரம் பிடிப்பதற்கும் நாலு பக்கமும் 10 மி.மீ. விட்டால் 285-க்கு 437 மீதி. மேலே சொன்ன ஸ்டிக்கர் பிளீடு சேர்த்து 54-க்கு 74. அகலத்தில் 5, உயரத்தில் 5, ஆக 25 ஸ்டிக்கர் அடங்கும். உயரத்தில் ஆறாவது வரிசைக்கு 444 மி.மீ. தேவை, இருப்பது 437. வெறும் 7 மி.மீ. குறைவதால் ஒரு வரிசையே போகிறது. ஸ்டிக்கரின் உயரத்தை 70-லிருந்து 68 மி.மீ. ஆக்கினால் பிளீடு சேர்த்து 72. ஆறு வரிசைக்கு 432 போதும். ஷீட்டுக்கு 30 ஸ்டிக்கர் கிடைக்கும். 1,000 ஸ்டிக்கருக்கு 40 ஷீட் ஆனது 34 ஷீட்டில் முடிந்துவிடும். பாட்டிலில் 2 மி.மீ. குறைந்ததை யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆனால் இந்த மாற்றத்தை டிசைன் போடும் முன் செய்யவேண்டும். முடிந்த டிசைனை நசுக்கிச் சுருக்கினால் எழுத்து சப்பையாகிவிடும்.

வெட்டுக் கோட்டை வரைவதில் டி.டி.பி. செய்பவர் கவனிக்கவேண்டிய சில விஷயங்களை விவசாயியும் தெரிந்துகொண்டால் கேட்டு வாங்கலாம். கோடு என்பது படமாக இருக்கக்கூடாது. கோரல்டிரா போன்ற மென்பொருளில் வரைந்த உண்மையான கோடாக இருக்கவேண்டும். செல்போனில் வந்த ஜேபெக் படத்தில் கோடு கண்ணுக்குத் தெரியும், பிளாட்டருக்குத் தெரியாது. அச்சாகும் டிசைனிலிருந்து பிரித்துத் தனி அடுக்கில், வேறெங்கும் பயன்படாத ஒரு நிறத்தில், மயிரிழை கனத்தில், உள்ளே நிறம் நிரப்பாமல் வைப்பது வழக்கம். எந்த நிறம், என்ன பெயர் என்பதை அச்சகத்தார் சொல்வார். அந்தக் கோடு வெட்டுவதற்கு மட்டுமே, ஸ்டிக்கரில் அச்சாகக்கூடாது. கோடு முழுதாக மூடியிருக்கவேண்டும். ஒரே கோடு தவறுதலாக ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் கத்தி இரண்டு முறை ஓடிப் பின்தாளையும் கிழித்துவிடும். மூலைகளைக் கூராக விடாமல் 3 மி.மீ. அளவுக்கு வளைத்துவிட்டால் நல்லது. கூர் மூலைதான் முதலில் எழும்பும். எழும்பிய மூலையில் தூசி ஒட்டிக் கறுக்கும்.

தமிழ் எழுத்துக்களில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. பழைய டி.டி.பி. எழுத்துருக்களில் அடித்த கோப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால், 'கடலை எண்ணெய்' என்பது புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும். கோப்பைக் கொடுக்கும் முன் எழுத்துக்களை 'கர்வ்' ஆக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை வராது. ஆனால் கர்வ் ஆன எழுத்தைப் பிறகு திருத்த முடியாது. எனவே மாற்றாத பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். அடுத்த தடவை விலை மாறும்போது அது உதவும். சின்ன எழுத்துக்கள் தனிக் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நாலு மையும் கலந்த கறுப்பாக இருந்தால், மைகள் சற்றே விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். புகைப்படங்களை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புவது மேல்.

பாட்டிலில் அடைத்து விற்கும் எண்ணெய்க்கு ஸ்டிக்கர் அழகுக்காக மட்டும் அல்ல. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு அல்லது உரிம எண்ணும், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமான சைவக் குறியும் இருக்கவேண்டும். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு, பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் சேர்த்த அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொலைபேசி எண் ஆகியவை வேண்டும். இவை தவிர வேறு சில விவரங்களும் பொருளுக்கு ஏற்பத் தேவைப்படும்; உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலும் இவை எல்லாம் ஸ்டிக்கரின் அடியில் பொடி எழுத்தில், விளிம்பை ஒட்டியே போய்ச் சேருகின்றன. கத்தி விலகினால் முதலில் அறுபடுவதும் இவைதான். அடி ஓரத்தில் மட்டும் 3 மி.மீ.-க்குப் பதில் 4 மி.மீ. விட்டால்கூடத் தவறில்லை. தேதியும் தொகுதி எண்ணும் முத்திரை குத்த ஒரு வெள்ளைக் கட்டம் விடவேண்டும். ஸ்டிக்கர் முழுவதும் பளபளப்பு லேமினேஷன் போட்டுவிட்டால் அந்தக் கட்டத்தில் சாதாரண மை நிற்காது, விரல் பட்டாலே அழியும். எந்த மையில் குத்தப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லி, அது நிற்கிறதா என்று ஒரு துண்டில் குத்திப் பார்ப்பது அவசியம்.

எண்ணெய்க்குச் சாதாரண காகித ஸ்டிக்கர் ஒத்துவராது. வழியும் ஒரு சொட்டு போதும், காகிதம் எண்ணெய் குடித்துக் கறையாகிவிடும். வினைல் அல்லது பிளாஸ்டிக் ஸ்டிக்கர் விலை கூடினாலும் எண்ணெய்க்கும் தேனுக்கும் அதுவே ஏற்றது. அரிசிப் பைக்கும் மாவுப் பொட்டலத்துக்கும் காகிதம் போதுமானது. மேலே குறுகி அடியில் அகன்ற பாட்டிலுக்கு நீளமான நேர் ஸ்டிக்கரைச் சுற்றினால் சுருக்கம் விழும். அகலம் குறைந்த ஸ்டிக்கரை முன்பக்கம் மட்டும் ஒட்டலாம்.

மொத்தமாக அடிக்கச் சொல்லும் முன் சாதாரணத் தாளில், சுருக்காமல் பெருக்காமல் முழு அளவில், ஒரு புரூப் எடுத்துத் தரும்படி கேட்கவேண்டும். வெட்டுக் கோடும் அதில் தெரியட்டும். ஸ்கேலை வைத்து, கோட்டுக்கு வெளியே நிறம் 2 மி.மீ. ஓடுகிறதா, உள்ளே எழுத்து 3 மி.மீ. தள்ளி நிற்கிறதா என்று நாலு பக்கமும் அளக்கவேண்டும். பிறகு கத்தரிக்கோலால் வேண்டுமென்றே கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே ஒன்றும், ஒரு மி.மீ. உள்ளே ஒன்றுமாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டிப் பார்க்கலாம். இரண்டும் பார்வைக்கு நன்றாக இருந்தால் டிசைன் சரி. தொலைபேசி எண்ணையும் 14 இலக்கப் பதிவு எண்ணையும் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சான்றிதழை வைத்துக்கொண்டு சரிபார்க்கவேண்டும். எழுதியவரே படித்தால் பிழை கண்ணில் படாது.

அச்சாகி வந்ததும் அச்சகத்திலேயே முதல் ஷீட், நடு ஷீட், கடைசி ஷீட் என்று மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் மூலை ஸ்டிக்கரை உரித்துப் பார்க்கவேண்டும். பின்தாளில் கத்தித் தடம் லேசாகத் தெரியலாம், கிழிந்திருக்கக்கூடாது. பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்ப்பதில் பயன் இல்லை. விலையோ விதியோ மாறினால் அடித்தது வீணாகும் என்பதால் முதல் தடவை ஒரு பருவ ஆட்டத்துக்கு வேண்டிய அளவு மட்டும் அடித்தால் போதும். மீதி ஷீட்டுகளை வெயில் படாமல், சமமாகப் படுக்கவைத்து, பிளாஸ்டிக் உறையில் வைக்கவேண்டும். சுருட்டி வைத்தால் ஹாஃப் கட் செய்த ஓரங்கள் தாமே எழும்பும். ஒட்டும்போது பாட்டிலை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, நன்கு காயவைத்த பின் ஒட்டவேண்டும். முடிந்தால் நிரப்பும் முன்பே ஒட்டிவிடுவது இன்னும் நல்லது.