வாக்காளர் தொடர்பு மென்பொருளில் வடிகட்டிகள்: அமெரிக்கத் தேர்தல் பரப்புரையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கத் தேர்தல் பரப்புரையில் எந்த வாக்காளரைச் சந்திப்பது என்பதை மென்பொருளின் வடிகட்டிகள் பெரிதும் தீர்மானிக்கின்றன. அவை வாக்காளரின் இயல்பை நேரடியாக அறிவதில்லை. அவரைப் பற்றிப் பதிவாகியுள்ள தரவையே தெரிவு செய்கின்றன. பதிவில்லாத இடம் எவ்வாறு விலக்காக மாறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வாக்காளர் பட்டியல், வடிகட்டி, தேர்தல் பரப்புரை, தரவு.

முன்னுரை

வாக்காளர் பதிவு முறையுள்ள மாநிலங்கள் கணினிமயமான ஒரே பட்டியலைப் பேண வேண்டும் என 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது. கட்சிகள் இப்பட்டியல்களைப் பெற்று, தொலைபேசி எண்கள், முந்தைய உரையாடல்களில் கிடைத்த விடைகள், கணிக்கப்பட்ட ஆதரவு மதிப்பெண்கள் ஆகியவற்றை அவற்றோடு இணைக்கின்றன. ஜனநாயகக் கட்சியினர் பரவலாகப் பயன்படுத்தும் என்ஜிபி வேன் இவ்வகை மென்பொருளாகும்.

பதிவும் கணிப்பும்

ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது மறைபொருள். வாக்களித்தாரா என்பது பதிவாகும். கட்சிச் சார்பைப் பதியும் வழக்கம் மாநிலந்தோறும் வேறுபடுகிறது. வட கரோலினாவில் வாக்காளர் தம் கட்சியைப் பதிவு செய்யலாம். விஸ்கான்சினில் அம்முறை இல்லை. ஆகவே கட்சி வாரியான வடிகட்டல் ஓரிடத்தில் வாக்காளரின் கூற்றையும், பிறிதோரிடத்தில் கணிப்பையும் சார்ந்து நிற்கிறது. பரப்புரையாளர் காணும் வாக்காளர், கிடைக்கும் தரவால் உருவான வாக்காளரே என ஐட்டன் ஹெர்ஷ் 2015இல் வெளியிட்ட நூலில் நிறுவுகிறார்.

இணைப்பு விதிகள்

வடிகட்டிகள் மூன்று தருக்க உறவுகளால் இணைகின்றன. எல்லா நிபந்தனைகளும் பொருந்த வேண்டும் என்பது பட்டியலைச் சுருக்கும். ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும் என்பது விரிக்கும். குறிப்பிட்டோரை நீக்குக என்பது விலக்கும். ‘ஆதரவாளர்’ என்று தெரிவு செய்தால், முன்னரே வினவப்பட்டு அவ்வாறு குறிக்கப்பட்டோர் மட்டுமே கிடைப்பர். ‘எதிர்ப்பாளர் அல்லாதார்’ என்று தெரிவு செய்தால், ஒருமுறையும் வினவப்படாதோரும் அதில் அடங்குவர். இரண்டும் ஒன்றெனக் கருதுவது பரப்புரையின் திசையையே மாற்றிவிடும்.

வெற்றிடத்தின் பொருள்

2024ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக, ‘2020, 2022 ஆகிய இரு தேர்தல்களிலும் வாக்களித்தோர்’ என வடிகட்டுவதாகக் கொள்வோம். 2023இல் 18 வயது நிறைந்தவர் இதில் இடம்பெற இயலாது. அண்மையில் வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவரின் பழைய வாக்களிப்பும் புதிய மாநிலப் பட்டியலில் காணப்படாது. வாக்களிக்க விரும்பாதவர், வாக்களிக்க வயது எய்தாதிருந்தவர், வேற்றிடத்தில் வாக்களித்தவர் ஆகிய மூவருக்கும் அக்கட்டம் வெறுமையாகவே இருக்கும். மென்பொருள் மூவரையும் ஒருசேர நீக்குகிறது. தொலைபேசி எண் உடையோரை மட்டும் தெரிவு செய்யும்போதும் இதுவே நிகழ்கிறது.

சமூக விளைவு

இவ்விலக்கு சிறிதன்று. ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் 1998இல் நியூ ஹேவன் நகரில் நிகழ்த்திய கள ஆய்வு, நேரில் சென்று வேண்டுவது வாக்குப்பதிவை உயர்த்துகிறது எனக் காட்டியது. எனவே பட்டியலில் இடம்பெறுவதே பங்கேற்பைத் தூண்டும் வாய்ப்பாகிறது. பல கள ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ரயன் ஈனோஸ், அந்தனி ஃபௌலர், லின் வாவ்ரெக் ஆகியோர், வாக்களிக்கத் தூண்டும் முயற்சிகள் பெரும்பாலும் ஏற்கெனவே வாக்களிக்கும் இயல்பினரையே மிகுதியும் ஈர்க்கின்றன என 2014இல் எடுத்துரைத்தனர். வழக்கமாக வாக்களிப்போரையே தேடும் வடிகட்டி இவ்வேற்றத்தாழ்வை மேலும் வலுப்படுத்தக்கூடும்.

முடிவுரை

நேரமும் ஆளும் குறைவாக உள்ள பரப்புரைக்கு வடிகட்டி இன்றியமையாதது. ஆயினும் தெரிவானோர் எண்ணிக்கையோடு நீக்கப்பட்டோர் எண்ணிக்கையையும் ஒவ்வொரு படியிலும் நோக்குதல் வேண்டும். வெற்றுக் கட்டமுடையோரைத் தனிப் பட்டியலாக்கி, வெறுமைக்கான காரணத்தை வயது, பதிவு நாள் ஆகியவற்றால் பகுத்தறிதல் வேண்டும். தேர்தல் பங்கேற்பை ஆராய்வோரும், வாக்களிக்க வாராதவர் ஆர்வமற்றவர் எனக் கொள்ளுமுன், அவரை எவரேனும் அழைத்தனரா என வினவுதல் தகும்.