பேரு லிஸ்ட்ல இல்லீங்க!

போன தேர்தலில் ஓட்டுப் போட ஜம்மென்று கிளம்பினேன். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் அடையாள அட்டை. பூத்தில் இருந்தவர் பட்டியலை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க பேரு லிஸ்ட்ல இல்லீங்க."

ரேஷன் கார்டு இருக்கிறது, வரி கட்டிய ரசீது இருக்கிறது, ஆள் மட்டும் இல்லையாம்! சிங்காநல்லூர் டீக்கடையில் நின்று பொரிந்து தள்ளினேன்.

பக்கத்தில் டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். பிறந்தது இலங்கையில் நுவரெலியா. கோத்தகிரிப் பக்கம் டான்டீ தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது மகன் வீட்டில் இருக்கிறார்.

"ஒரு நாளைக்கே இந்தக் குதி குதிக்கறீங்களே தம்பி! எங்க சனம் மொத்தத்துக்கும் அப்படித்தான் சொன்னாங்க. தொண்டமான் ஐயா கதை தெரியுமா?"

கேட்டேன். படித்தும் பார்த்தேன். நீங்களும் கேளுங்கள்.

சௌமியமூர்த்தி தொண்டமான் 1913-ல் தமிழ்நாட்டில் முனப்புதூரில் பிறந்தவர். அப்பா கருப்பையா இலங்கை மலையகத்துக்குப் பிழைக்கப் போய், கங்காணியாகி, கடைசியில் ஒரு எஸ்டேட்டையே வாங்கியவர். மகன் 1924-ல் கப்பலேறினார். வளர்ந்ததும் என்ன ஆனார் தெரியுமா? தொழிலாளர் தலைவர்! நம்ம ஊரில் மில் ஓனர் பையன் யூனியன் கொடி பிடித்த மாதிரி.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. நுவரெலியாவில் தொண்டமான் எம்.பி.! சந்தோஷம் ஒரு வருஷம்கூட முழுசாக நீடிக்கவில்லை. 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பா இலங்கையில்தான் பிறந்தார் என்று சர்டிபிகேட் காட்டு என்றார்கள். லயத்து அறையில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் சார் சர்டிபிகேட் எழுதி வைத்தார்கள்? 1949-ல் ஓட்டும் போனது. எம்.பி. இருக்கிறார்... ஓட்டுப் போட்டவர்கள் லிஸ்ட்டில் இல்லை!

1952-ல் கொழும்பில் சத்தியாகிரகம் இருந்து பார்த்தார்கள். பலனில்லை. தொண்டமான் மூட்டை கட்டவில்லை. யூனியனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஓட்டுப் போடும் விரல் வேண்டாம் என்றார்கள். அதே விரல்தானே கொழுந்தும் பறிக்கிறது! அந்த பலத்தில்தான் 1960-ல் நியமன எம்.பி. ஆனார்.

1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. சம்பந்தப்பட்ட சனங்களை யாரும் கேட்கவில்லை. தொண்டமான் எதிர்த்தும் நடக்கவில்லை. நம்ம பெரியவர் அப்படித்தான் ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினார்.

ஒரு வேடிக்கை பாருங்கள். இலங்கை நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம் 'ராஜகுமாரி'. இதே சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்தது, வெளிவந்தது 1947-ல். அவர் இங்கே முதலமைச்சரானது 1977 ஜூனில். அடுத்த மாதமே அங்கே தொண்டமான் மறுபடி ஜெயித்தார். முப்பது வருஷம் கழித்து! மூன்று உறுப்பினர் தொகுதி என்பதால், மூன்றாவதாக வந்தும் எம்.பி.

1978-ல் மந்திரி. ஓட்டைப் பறித்த அதே ஐக்கிய தேசியக் கட்சி அரசில்! 1983 கலவரத்துக்குப் பிறகும் அவர் விலகவில்லை. "பதவி ஆசை" என்று ஏசியவர்கள் உண்டு. ஆனால் 1984-ல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வந்தது. 1986 பொங்கலன்று தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. 1988-ல் நாடற்றவர்களுக்குக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1999-ல் மந்திரியாகவே கண்ணை மூடினார். மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003-ல்தான்!

"உங்களுக்கு இங்கே ஓட்டு இருக்குங்களா?" என்றேன் பெரியவரிடம்.

"இருக்கு தம்பி. ஒரு தடவைகூட விட்டதில்லை. ஆனா கோத்தகிரியில இன்னும் 'சிலோன்காரர்'னுதான் கூப்பிடறாங்க. அது கிடக்கட்டும்... படிவம் 6 வாங்கி எழுதுங்க. டீக்கடையில கத்தினா பேரு வராது."

மறுநாளே க்யூவில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர்தான். ஒருத்தரும் முப்பது வருஷமாக நிற்கவில்லை!