சம்பளம் கூடினால் போகும் கார்டு

திருமுல்லைவாயிலில் இருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களின் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, என்றொரு வரி இருக்கும். தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். 21,000 ரூபாய் சம்பளத்துக்கு முன்னது 157.50, பின்னது 682.50; ஆக மாதம் 840 ரூபாய். இந்தச் சந்தாவில் குடும்பத்துக்கே வைத்தியம் நடக்கிறது. சுகர், பிரஷர் மாத்திரையில் தொடங்கி டயாலிசிஸ் வரை, செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. டிஸ்பென்சரி வரிசையைத் திட்டாதவர் யாரும் இல்லை. ஆனாலும் இந்த விலைக்கு இத்தனையும் தரும் பாலிசி வெளியே எங்கும் இல்லை.

சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இது போய்விடும். 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. ஏப்ரல் இன்க்ரிமென்ட்டில் 22,000 ஆனவரின் சீட்டில் அந்த வரி காணாமல் போகும். பிடித்தம் போயிற்றே என்று சந்தோஷப்படுவோர்தான் அதிகம். உடனே வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் டிசம்பர் கடைசிவரை ஓடும். கார்டு செல்லாது என்பது ஜனவரியில், மாத்திரை வாங்கப் போன இடத்தில்தான் தெரியவரும்.

சரி, முதலமைச்சர் காப்பீடு இருக்கிறதே என்றால், அதற்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. நம்மவர் வாங்குவது ஆண்டுக்கு 2,64,000. இரண்டு அரசுத் திட்டங்களுக்கும் நடுவே சரியாக விழுகிறார். அந்தக் காப்பீடும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்குத்தான். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அல்ல. தனியார் பாலிசி எடுக்கப் போனால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்கச் சொல்லலாம். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்த பிறகும் இதுதான் நிலை. ஓ.பி. செலவு பெரும்பாலான பாலிசிகளில் சேராது.

2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆகும் சராசரிச் செலவு அரசில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு. இது ஒருமுறை படுத்து எழுவதற்கான கணக்கு. சுகர் ஒருமுறையோடு முடிகிற நோயா? தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு அது இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. கைக்காசு போட்டு வாங்கத் தொடங்கியதும் மாத்திரையைக் குறைப்பார்கள். இரண்டு வேளை ஒரு வேளையாகும், ரத்தப் பரிசோதனை தள்ளிப்போகும். வலி இல்லாததால் 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நாள் ஓடும். சிறுநீரகம் கெடுவதும் அதே போல் வலியில்லாமல்தான்.

கெட்டுவிட்டால் வாரம் மூன்று டயாலிசிஸ், ஆண்டுக்கு 156. ஒவ்வொன்றுக்கும் சுமார் நான்கு மணி நேரம், போக வரத் தனி. ஷிப்ட் வேலை பார்ப்பவர் இதை எத்தனை மாதம் தாங்குவார்? வேலை போய், வருமானம் பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கிய பிறகு முதலமைச்சர் காப்பீட்டுக்குத் தகுதி வந்துவிடும். விதியை எழுதியவர்கள் இதை யோசித்தார்களா என்று தெரியவில்லை.

வருமானம் கேட்காத இடம் ஒன்று உண்டு, அரசு ஆஸ்பத்திரி. ஆவடியில் இருக்கிறது, பெரிய வைத்தியத்துக்கு மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் இறங்கினால் எதிரே ஜி.எச். சுகர், பிரஷருக்கு வீடு தேடி மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. ஆகவே வரம்பைத் தாண்டியவர் ஜனவரிவரை காத்திருக்காமல், பழைய மருந்துச் சீட்டோடு அக்டோபரிலேயே அங்கே பதிந்துகொள்வது நல்லது. மாத்திரை ஒரு மாதமும் விடுபடக் கூடாது.

ஈ.எஸ்.ஐ. எண்ணையும் தூக்கிப் போட வேண்டாம். ஐந்தாண்டாவது காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தம்பதி இருவருக்கும் வைத்தியம் தொடரும். வரம்பு தாண்டி வெளியே போனவர்களில், 30,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி 2017 ஏப்ரலிலோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கும் நிபந்தனைகளோடு இதை நீட்டிக்க 2024 பிப்ரவரியில் ஈ.எஸ்.ஐ. கழகம் முடிவெடுத்தது. கேட்டுப் போகும்போது அந்தப் பழைய எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.