சில கோப்புகள் ஏன் சுருங்க மறுக்கின்றன?

மாணவர்களே, அறிவியல் திட்டப்பணியை ஒப்படைக்கும் வாரம் வந்துவிட்டால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "டீச்சர், படங்கள் இருந்த கோப்புறையை ஸிப் செய்தேன். முன்பு 40 மெகாபைட், ஸிப் செய்த பிறகும் கிட்டத்தட்ட அதே 40 மெகாபைட். மின்னஞ்சலில் ஏறவே இல்லை!" ஜிமெயில் 25 மெகாபைட்டுக்கு மேற்பட்ட இணைப்பை ஏற்பதில்லை. ஆகவே கோபம் ஸிப் மீது திரும்புகிறது. ஸிப் மீது பிழை இல்லை. அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால், எந்தக் கோப்பு சுருங்கும், எது சுருங்காது என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

அதைக் கண்ணால் பார்க்கச் சிறந்த இடம் கணினியின் கட்டளைச் சாளரம். விண்டோஸில் அதன் பெயர் கமாண்ட் பிராம்ப்ட்; மேக், லினக்ஸ் கணினிகளில் டெர்மினல். கறுப்புத் திரையைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். பொத்தானை அழுத்தும்போது திரைக்குப் பின்னால் நடப்பதைத்தான் இங்கே நாம் எழுத்தில் கேட்கிறோம்.

முதலில் டார் என்னும் கருவி. 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம் அது. 1979இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. அந்தக் காலத்தில் கோப்புகளைக் காந்த நாடாவில் பதிந்து வைப்பார்கள். நாடா நீளமாக ஓடும் பொருள் என்பதால், பல கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கட்டாகக் கோத்துக் கொடுக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. டார் கட்டும், சுருக்காது. புத்தகங்களை அடுக்கி ரப்பர் பட்டை போடுவது போன்றது. பாரம் குறையாது, ஆனால் ஒரே கையில் தூக்கலாம்.

சுருக்கும் வேலை ஜிஸிப்பினுடையது. ஜான்-லூ கைலி, மார்க் ஆட்லர் என்ற இருவர் எழுதி, 1992 அக்டோபரில் வெளியிட்டார்கள். அதற்கு முன் யூனிக்ஸில் 'கம்பிரஸ்' என்ற கருவிதான் வழக்கத்தில் இருந்தது. அது பயன்படுத்திய முறைக்குக் காப்புரிமை இருந்ததால், யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய ஒரு மாற்று தேவைப்பட்டது. அப்படிப் பிறந்த ஜிஸிப்பின் முறை இன்று இணையம் முழுவதும் இருக்கிறது. நீங்கள் திறக்கும் பல இணையப் பக்கங்கள் அந்த முறையில் சுருங்கித்தான் உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன.

இரண்டையும் ஒரே கட்டளையில் செய்யலாம். 2018 முதல் விண்டோஸ் 10இலும் டார் இருக்கிறது, ஆகவே எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. கட்டளைகளை இங்கே ஒலிப்பில் சொல்கிறேன். விசைப்பலகையில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். 'டார்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஓர் இடைக்கோடு போட்டு, அதை ஒட்டி சி, இசட், எஃப் என்ற மூன்று எழுத்துகள். மறுபடி இடைவெளி, புதிய கட்டுக்கு நீங்கள் வைக்கும் பெயர். மறுபடி இடைவெளி, கோப்புறையின் பெயர். சி என்றால் உருவாக்கு, இசட் என்றால் ஜிஸிப் முறையில் சுருக்கு, எஃப் என்றால் அடுத்து வருவது கட்டின் பெயர். விரிப்பதற்கு சி, இசட் இரண்டையும் விட்டுவிட்டு எக்ஸ், எஃப் என்று போட்டு, கட்டின் பெயரைக் கொடுத்தால் போதும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கிழமைகளின் பெயரை எழுதிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று ஏழு நாளுக்கும் 'கிழமை' வருகிறது. கையால் எழுதும் நமக்கே அலுத்துப்போய் 'ஞாயிறு, திங்கள்' என்று நிறுத்திவிடுகிறோம். ஜிஸிப்பும் அந்த அலுப்பைத்தான் பயன்படுத்துகிறது. 1977இல் ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்ற இரு இஸ்ரேலிய அறிஞர்கள் வெளியிட்ட வழி இது: முன்பு வந்த ஒரு துண்டு மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாதே, 'இத்தனை பைட் பின்னால் போ, அங்கிருந்து இத்தனை பைட் நகல் எடு' என்று குறிப்பு மட்டும் எழுது.

'ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை' என்ற இரண்டு சொற்களை மட்டும் ஒரு கோப்பில் சேமித்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது 'கிழமை' வரும் இடத்தில் ஜிஸிப் எழுதக்கூடிய குறிப்பு: 38 பைட் பின்னால் போ, 18 பைட் நகல் எடு. கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புவோருக்கு: இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். 'கிழமை' என்பதில் க, இகரக் குறி, ழ, ம, ஐகாரக் குறி என ஐந்து குறிகள், அதாவது 15 பைட். ஜிஸிப் எடுப்பதோ 18. ஏன் தெரியுமா? 'ஞாயிற்றுக்' என்பதன் இறுதியிலும் புள்ளி, 'திங்கட்' என்பதன் இறுதியிலும் புள்ளி. அந்தப் புள்ளியையும் அது விடவில்லை! சொல் எங்கே தொடங்குகிறது, இலக்கணம் என்ன என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. திரும்ப வருகிறதா என்பது மட்டுமே அதற்குக் கேள்வி. இப்படி 32 கிலோபைட் தூரம் வரை திரும்பிப் பார்க்கும்.

இதோடு இன்னொரு வழியும் சேர்கிறது. அடிக்கடி வரும் பைட்டுக்குக் குறுகிய குறியீடு, எப்போதாவது வரும் பைட்டுக்கு நீண்ட குறியீடு. இதைக் கண்டுபிடித்தபோது டேவிட் ஹஃப்மன் ஒரு மாணவர். 1951இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ராபர்ட் ஃபானோ தம் வகுப்புக்கு ஒரு தேர்வு கொடுத்தார்: இறுதிப் பரீட்சை எழுதலாம், அல்லது மிகச் சிக்கனமான குறியீட்டைக் கண்டுபிடிக்கும் வழியை ஒரு கட்டுரையாக எழுதலாம். ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். அது இன்னும் தீராத சிக்கல் என்றோ, தாமே அதில் முயன்றுகொண்டிருப்பதாகவோ பேராசிரியர் சொல்லவில்லை. மாதக்கணக்கில் முட்டி மோதிய ஹஃப்மன், பரீட்சைக்கே படித்துவிடலாம் என்று கைவிடும் நேரத்தில் விடை தோன்றியது. மற்றவர்கள் மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர் மிக அரிதாக வரும் இரண்டைச் சேர்த்துக் கீழிருந்து மேலாகக் கட்டினார். 1952இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. தீராத சிக்கல் என்று சொல்லியிருந்தால் அவர் தொட்டிருப்பாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஹஃப்மனின் வழி தமிழுக்கு எப்படி உதவுகிறது பாருங்கள். 'அம்மா' என்று தமிழில் சேமித்தால் 15 பைட். ஆங்கில எழுத்தில் 4 பைட்தான். அநியாயமாகத் தோன்றுகிறதா? அந்த 15 பைட்டுகளின் எண்கள் இவை: 224, 174, 133, 224, 174, 174, 224, 175, 141, 224, 174, 174, 224, 174, 190. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 224இல் தொடங்குகிறது. இரண்டாவது எண் 174 அல்லது 175. மூன்றாவதில்தான் உண்மையான செய்தி இருக்கிறது. முதல் இரண்டும் சலிக்காமல் திரும்ப வருவதால் அவற்றுக்கு மிகக் குறுகிய குறியீடு கிடைத்துவிடும். சேமிக்கும்போது தமிழ் சுமந்த கூடுதல் பாரத்தில் பெரும்பகுதியைச் சுருக்கும்போது இறக்கி வைத்துவிடலாம். சில பக்கத் தமிழ்க் கட்டுரை ஒன்றை எழுத்துக் கோப்பாகச் சேமித்துச் சுருக்கிப் பாருங்கள்.

ஒற்றைச் சொல்லைச் சுருக்கினால் கோப்பு பெரிதாகும். ஜிஸிப் தன் பங்குக்குத் தலைப்பில் 10 பைட்டும் முடிவில் 8 பைட்டும் சேர்க்கும். முடிவில் உள்ளதில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது. விரிக்கும்போது ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். அந்த 18 பைட்டை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது படங்களுக்கு வருவோம். கைப்பேசி எடுக்கும் ஜேபெக் படம் பிறக்கும்போதே சுருக்கப்பட்டது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நுணுக்கங்களைக் கேமரா தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஹஃப்மன் குறியீட்டில் எழுதிவிட்டது. திரும்ப வருவது எதுவும் மிச்சம் இல்லாத இடத்தில் ஜிஸிப் எதைப் பிடிக்கும்? உங்கள் வேர்டு கட்டுரையும் பவர்பாயிண்ட் படைப்பும் அப்படித்தான். அவற்றின் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் பின்னொட்டை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே கோப்புறைகள் தெரியும். அவை ஏற்கெனவே ஸிப் கட்டுகள்தாம். ஆக, அந்த 40 மெகாபைட்டைக் குறைக்க ஸிப் உதவாது. படங்களின் அளவைச் சிறிதாக்க வேண்டும். ஆனால் அது வேறு வகைச் சுருக்கம். புலனத்தில் அனுப்பிய படம் மங்கலாகிறதே, அதுபோல இழந்தது திரும்ப வராது. ஜிஸிப்பில் விரித்தால் ஒரு பிட் பிசகாமல் அசல் வரும்.

'இன்னும் கெட்டிக்காரக் கருவி வந்தால் எல்லாவற்றையும் சுருக்குமே?' என்று கேட்கலாம். முடியாது. இதற்குக் கணினியே வேண்டாம், விரல்விட்டு எண்ணலாம். சரியாக 3 பிட் நீளமுள்ள கோப்புகள் மொத்தம் 8. அதைவிடக் குறுகிய கோப்புகள் எத்தனை? 2 பிட்டில் 4, 1 பிட்டில் 2, வெற்றுக் கோப்பு 1, ஆக 7. எட்டுப் பேர், ஏழு நாற்காலி. எட்டுக் கோப்பையும் சுருக்கினால் இரண்டாவது ஒரே நாற்காலியில் உட்கார வேண்டும். விரிக்கும்போது எது எதுவென்று தெரியாது. எத்தனை பிட்டுக்குப் போட்டாலும் இதே கணக்குதான். எந்தக் கோப்பையும் சுருக்கித் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருளைக் கண்டால் இந்த நாற்காலிகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

கட்டளைச் சாளரத்தில் கவனம் அவசியம். ஜிஸிப்பை நேரடியாக ஓட்டினால், சுருங்கிய கோப்பை வைத்துவிட்டு அசலை நீக்கிவிடும். அசலும் வேண்டுமென்றால் இடைக்கோட்டுடன் கே என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். டாரில் ஆபத்து இன்னும் பெரிது. எஃப்-ஐ அடுத்து வருவது புதிய கட்டின் பெயர் என்று சொன்னேன் அல்லவா? அவசரத்தில் அந்த இடத்தில் உங்கள் கட்டுரைக் கோப்பின் பெயரைத் தட்டிவிட்டால், டார் ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டுரையின் மேலேயே கட்டை எழுதிவிடும். கட்டுரை போயே போய்விட்டது. குப்பைத் தொட்டியிலும் இருக்காது. எதைக் கட்டுவது என்று சொல்லாவிட்டால் மட்டும் லினக்ஸில் உள்ள டார் முரண்டு பிடிக்கும். வெற்றுக் கட்டை உருவாக்கக் 'கோழைத்தனமாக மறுக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். எழுதியவர்களுக்குக் குறும்பு.

பிறர் தந்த கட்டை விரிக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ் எழுத்துக்குப் பதிலாக, 'டேபிள்' என்ற சொல்லின் முதல் எழுத்தைப் போட்டால் பட்டியல் மட்டும் வரும், எதுவும் விரியாது. விரிக்கும்போது அதே பெயரில் உங்கள் கோப்பு இருந்தால் டார் அதை மாற்றிவிடும் என்பதால் இந்தப் பத்து விநாடி வீண்போகாது. வேண்டுமென்றே செய்யப்பட்ட கட்டுகளும் உண்டு. வெறும் பூச்சியங்கள் நிறைந்த 10 மெகாபைட் கோப்பை ஜிஸிப் ஏறத்தாழ 10 கிலோபைட்டாக்கிவிடும். இதையே அடுக்கடுக்காகச் செய்தது '42.ஸிப்' என்ற பெயர்போன கோப்பு. அளவு 42 கிலோபைட்தான். உள்ளடுக்குகள் எல்லாவற்றையும் விரித்தால் 4.5 பெட்டாபைட். கட்டுகளின் உள்ளே நுழைந்து சோதிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளைத் திணறடிக்கச் செய்யப்பட்ட பொறி அது.

கருவியே பொறியான கதையும் உண்டு. ஜிஸிப்பைவிட நன்றாகச் சுருக்கும், ஆனால் மெதுவாக வேலை செய்யும் எக்ஸ்-இசட் என்ற கருவி லினக்ஸ் உலகில் பரவலாக இருக்கிறது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து தம் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடவில்லை. தேடிப் போனபோது, எக்ஸ்-இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக் கதவு ஒன்றை வைத்திருப்பது தெரிந்தது. அதன் மூலம், பாதிக்கப்பட்ட கணினிகளுக்குள் அந்த ஆள் வெளியிலிருந்து நுழைந்துவிட முடியும். 'ஜியா டான்' என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தத் திட்டத்தில் உதவி செய்து நம்பிக்கை பெற்றவர் வைத்த கதவு அது. உண்மையில் அது யார் என்று இன்றுவரை வெளிவரவில்லை. கள்ள நிரலை அவர் ஒளித்து வைத்த இடம்தான் விசேஷம்: கருவியைச் சோதிக்க வைத்திருந்த சுருக்கிய கோப்புகள். சுருக்கிய கோப்பைக் கண்ணால் படித்து யாரும் சந்தேகப்பட முடியாதல்லவா?

பெரும்பாலான லினக்ஸ் கணினிகளுக்குப் போய்ச் சேரும் முன்பே அந்தப் பதிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. வீட்டில் நெடுநாள் புதுப்பிக்காத லினக்ஸ் கணினி இருந்தால், எக்ஸ்-இசட் கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு, இரண்டு இடைக்கோடுகளோடு 'வெர்ஷன்' என்ற சொல்லைச் சேருங்கள். 5.6.0 அல்லது 5.6.1 என்று காட்டினால் அன்றே புதுப்பித்துவிடுங்கள்.