அனுபவமும் பரிசோதனையும்: மூலிகைகளின் ஈரற் பாதுகாப்புப் பற்றிச் சில குறிப்புகள்

ஆவாரை பூத்திருக்கும் ஊரிலே சாவுக்கு இடமில்லை என்னும் கருத்துப்படத் தமிழ் மக்களிடையே பழமொழியொன்று நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. சிங்கள மக்கள் அதே செடியை ரணவரா என அழைத்து அவித்துப் பருகுவர். இரு சமூகத்தாரும் நம்பிப் பேணிய இம்மூலிகை 1981ஆம் ஆண்டில் ஐயத்துக்குரியதாயிற்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அர்சக்குலரத்ன, குணதிலக்க, பனாபொக்க ஆகியோர் இலங்கையின் 50 மருத்துவத் தாவரங்களில் பைரோலிசிடின் அல்கலோயிட்டுகள் உளவா எனச் சோதித்தனர். கிலுகிலுப்பை, குடசப்பாலை, ஆவாரை ஆகிய மூன்றில் அவை இருப்பதாக அறிவித்தனர். அவற்றை உணவோடு உண்ட எலிகளின் ஈரலில் குருதித் தேக்கமும் கல அழிவும் காணப்பட்டன.

இத்தகைய முடிவுகளை மரபின் மீதான தாக்குதலாகக் கொள்வோர் உளர். மரபு முழுவதையும் நிராகரிக்கக் கிடைத்த வாய்ப்பாகக் கொள்வோரும் உளர். இரண்டும் தவறென்பதே நமது கருத்து. நாட்டு வைத்தியம் வெறும் மூடநம்பிக்கையன்று. உழைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக இயற்கையோடு பொருதிப் பெற்ற அறிவு அதிற் பொதிந்துள்ளது. ஆயினும், அனுபவ அறிவுக்கு ஓர் எல்லையுண்டு. உண்டவுடன் வாந்தியெடுக்கச் செய்யும் செடியை அனுபவம் எளிதில் விலக்கிவிடும். பைரோலிசிடின் அல்கலோயிட்டின் இயல்பு வேறு. ஈரலின் நொதியங்களே அதனை நஞ்சாக மாற்றுகின்றன. அந்நஞ்சு ஈரலின் நுண்ணிய நாளங்களைச் சிதைத்து அடைக்கின்றது. சிறிதளவாக நெடுநாள் உட்கொண்டவரிடத்து நோய் மிகப் பிந்தியே வெளிப்படலாம். காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே இத்துணைக் கால இடைவெளி இருக்குமாயின், எத்துணை அனுபவம் வாய்ந்த பரியாரியாரும் அவ்விரண்டையும் தொடர்புபடுத்திக் காணல் அரிது. ஜமைக்காவில் பிள்ளைகளைப் பீடித்த ஈரல் நாள அடைப்பு நோய் 1954இல் விவரிக்கப்பட்டது. கிலுகிலுப்பை இனச் செடிகளும் சேர்ந்த மூலிகைத் தேநீரே அதற்குக் காரணமெனப் பின்னர் கொள்ளப்பட்டது. அதனை அவித்துக் கொடுத்தோர் நலம் கருதியே கொடுத்தனர்.

விலங்குப் பரிசோதனை இக்கால இடைவெளியைச் சுருக்க முயல்கின்றது. ஒரே இனமும் வயதும் கொண்ட எலிகள் குழுக்களாகப் பிரிக்கப்படும். ஒரு குழுவுக்கு மூலிகைச் சாரம் கொடுக்கப்படாது; ஏனையவற்றுக்குப் படிப்படியாகக் கூடிய அளவுகளில் 28 நாட்களுக்கோ 90 நாட்களுக்கோ அது ஊட்டப்படும். உடல் நிறையும், சிதைந்த ஈரற் கலங்களிலிருந்து குருதியிற் கசியும் நொதியங்களும் அளக்கப்படும். ஈற்றில் ஈரல் இழையம் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராயப்படும். குருதிச் சோதனை மட்டும் போதாது; மெல்ல வளரும் சிதைவை இழையமே தெளிவாகக் காட்டும்.

எனினும், எலியின் ஈரல் மனிதனின் ஈரலன்று. கினிப்பன்றி இவ்வல்கலோயிட்டுகள் பலவற்றைத் தாங்கவல்லது. எலி அவ்வாறு தாங்குவதில்லை. மேலும், மதுவினால் ஈரல் பாதிப்புற்ற எலிகளுக்கு ஆவாரை இலைச் சாரம் நன்மை பயத்ததாக 2003இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. எனவே, ஆவாரை நல்லதா தீயதா என வினவுதல் பொருந்தாது. எப்பகுதி, எதிற் பிரித்தெடுத்தது, எவ்வளவு, எத்துணை நாள் என்பனவே உரிய வினாக்கள். மக்கள் பருகுவது நீரில் அவித்த கசாயம். அற்ககோலிற் பிரித்த சாரத்தைச் சோதித்து அதன் முடிவைக் கசாயத்துக்கு ஏற்றிக் கூறுதல் ஆய்வு நேர்மையாகாது.

இவ்வினாக்களை எழுப்புவது யார் கடமை? வேலியோரத்தில் எவரும் பறிக்கக்கூடிய செடியைச் சோதிப்பதில் இலாப நோக்குடைய மருந்துக் கம்பெனிக்கு அக்கறை இருப்பதரிது. அச்செடியை நம்பியிருப்போரோ பெரும்பாலும் வேறு மருந்து வாங்க வசதியற்றவர். ஆகவே இப்பணி பொதுமக்களின் பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்களையே சாரும். பேராதனை ஆய்வு ஆங்கில ஆய்விதழொன்றில் வெளியாயிற்று. ஆவாரம்பூவை அவிப்போர் வாசிப்பது தமிழும் சிங்களமுமே. ஆய்வு முடிவு அம்மொழிகளிற் சென்றடையும் வரை பரிசோதனை பாதியே நிறைவுற்றதாகும்.