ஃப்ரேமில் பெயிண்ட் ஏன் உரிகிறது?

கோவை டவுன்ஹால் பக்கம் வாங்கிய தங்கநிற ஃப்ரேமுக்கு வீட்டிலேயே வெள்ளை அடித்தால், இரண்டே நாளில் நகம் பட்ட இடமெல்லாம் தோலாக உரிந்து வருகிறது. ஏனுங்க அப்படி?

பார்க்க மரம்போல இருந்தாலும், இன்று கடையில் கிடைக்கும் ஃப்ரேம்களில் பல பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். தெர்மாகோலும் அதே பொருள்தான், உள்ளே காற்று அதிகம், அவ்வளவே. மரத்தின் நுண்துளைகளில் பெயிண்ட் இறங்கிப் பிடிக்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பிடிக்க இடமில்லை. 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் நுண்ணிய கீறல்கள் விழும். பிடிமானம் அங்கேதான். தூசியைத் துடைத்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் ஒரு கோட், பிறகு அக்ரிலிக்.

தின்னர் கலந்த எனாமல் வேண்டாம். அது பாலிஸ்டைரீனையே கரைத்துவிடும். சந்தேகமா? பின்பக்கம் ஒரு மூலையில் நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு சொட்டு வையுங்கள். அதில் அசிட்டோன் இருந்தால், பாலிஸ்டைரீன் இளகிப் பிசுபிசுக்கும்.

அக்ரிலிக்கில் தண்ணீர் ஆவியாக ஆவியாக, பாலிமர் துகள்கள் நெருங்கி ஒட்டி ஒரே படலமாகின்றன. தடிமனாக அடித்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே ஈரம் சிக்கும். மெல்லிய இரண்டு கோட் போதும்.

ஆடி மாதமென்றால் மொட்டைமாடி வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெருப் புழுதியையும் சேர்த்தே பூசிவிடும்!