கண்ணு முழிச்சிருக்கு, உடம்பு அசையல... நெஞ்சு மேல ஏறி உட்காரும் 'அமுக்குவான்' யார்?

விடியற்காலை. கண் திறந்திருக்கிறது. மேலே ஃபேன் சுத்துறது தெரிகிறது, பக்கத்தில் தம்பி விடுற குறட்டையும் கேட்கிறது. ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியல. 'அம்மா'ன்னு கத்துறீங்க, சத்தம் வரல. கதவோரம் யாரோ நிற்கிற மாதிரி இருக்கு. அடுத்த நொடி நெஞ்சு மேல ஏறி உட்கார்ந்து அமுக்குற மாதிரி ஒரு பாரம். மூச்சு முட்டுது. செத்துருவோமோன்னு நினைக்கும்போதே சட்டென்று எல்லாம் விலகுது. எழுந்து உட்கார்ந்தால் உடம்பெல்லாம் வேர்த்திருக்கு.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கா? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இதன் பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை: 'அமுக்குவான் பேய்'. மருத்துவத்தில் இதற்குப் பெயர் 'ஸ்லீப் பராலிசிஸ்', அதாவது தூக்க முடக்கம். பெயரில் பராலிசிஸ் இருந்தாலும், பக்கவாதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. இது பைத்தியத்தின் அறிகுறியும் இல்லை.

நமக்கு மட்டும்தான் வருதா?

இல்லவே இல்லை. பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-ல் வெளியான ஒரு ஆய்வறிக்கை, பொதுமக்களில் சுமார் 7.6 சதவிகிதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருக்கிறது என்கிறது. மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 28 சதவிகிதம். உங்க கிளாஸ்ல, உங்க வாட்ஸ்அப் குரூப்ல கண்டிப்பா நாலு பேருக்கு வந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.

இது புதுசும் இல்லை. 1664-ல் டச்சு மருத்துவர் ஒருவர், ஐம்பது வயதுப் பெண் ஒருவரின் கதையைப் பதிவு செய்திருக்கிறார். ராத்திரி தூங்கும்போது சாத்தான் தன்மேல் படுத்து அமுக்குவதாகவும், சில நாள் ஒரு பெரிய நாயோ திருடனோ நெஞ்சில் கிடப்பதாகவும், கை காலை அசைக்கவே முடியவில்லை என்றும் அந்தப் பெண் சொன்னாராம். நம்ம ஊர் பாட்டி சொல்ற அதே கதை!

உடம்பு போடும் பூட்டு

நாம் ராத்திரி முழுக்க ஒரே மாதிரி தூங்குவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று தூக்கம் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 'ரெம்' என்று ஒரு கட்டம் உண்டு. மூடிய இமைக்குள் கண்மணி வேகமாக உருளும் கட்டம் அது. அமெரிக்காவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் 1953-ல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். நிஜம் போலவே இருக்கும் கனவுகள் பெரும்பாலும் வருவது இந்தக் கட்டத்தில்தான்.

கனவில் நீங்க ஓடுறீங்க, யாரையோ அடிக்கிறீங்க, கடல்ல குதிக்கிறீங்க. நிஜத்திலும் உடம்பு அதையே செய்தால் என்ன ஆகும்? பக்கத்தில் படுத்திருப்பவர் கதி அதோகதி. அதனால் ரெம் தூக்கத்தில் மூளைத்தண்டு ஒரு பூட்டுப் போடுகிறது. காபா, கிளைசின் என்ற ரசாயனங்கள் தசைகளை இயக்கும் நரம்புகளை அடக்கிவிடுகின்றன. கை, கால், கழுத்து எல்லாம் தளர்ந்துவிடும். கண்ணை அசைக்கும் தசைகளும், மூச்சை இழுக்கும் உதரவிதானமும் மட்டும் இந்தப் பூட்டுக்குள் வராது.

வழக்கமாக ரெம் முடியும்போது பூட்டும் திறந்துவிடும், பிறகு நாம் முழிப்போம். எப்போதாவது இந்த வரிசை மாறுகிறது. மூளை முழிச்சிடுது, பூட்டு இன்னும் திறக்கல. கனவும் முழுசா அணையல. சில நொடிகளிலிருந்து சில நிமிஷங்கள் வரை நீடிக்கும் அந்த இடைவெளிதான் அமுக்குவான். அது தானாகவே முடிந்துவிடும்.

நெஞ்சில் ஏன் பாரம்? கதவோரம் யார்?

ரெம் தூக்கத்தில் மூச்சு மேலோட்டமாக, சீரில்லாமல் இருக்கும். மூச்சை நடத்துவது உதரவிதானம் மட்டும்தான். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் பூட்டுக்குள் இருக்கின்றன. பயத்தில் நீங்க ஆழமா மூச்சு இழுக்கப் பார்க்கிறீங்க, நெஞ்சு ஒத்துழைக்கல. 'யாரோ அமுக்குறாங்க' என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் மூச்சு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

கதவோரம் நிற்கும் உருவம்? ரெம் தூக்கத்தின்போது மூளையில் பயத்தைக் கிளப்பும் பகுதி சுறுசுறுப்பாக இருக்கும். ஆபத்து என்று அலாரம் அடிக்கிறது, ஆனால் எதிரே ஆபத்து எதுவும் இல்லை. மிச்சமிருக்கும் கனவு அந்தக் காலியிடத்தில் ஒரு ஆளை நிற்க வைத்துவிடுகிறது. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஆலன் செய்ன் இந்த அனுபவங்களை மூன்றாகப் பிரித்தார்: அறைக்குள் யாரோ நுழைந்த உணர்வு, நெஞ்சில் அமுக்கும் உணர்வு, உடம்பை விட்டு மிதக்கிற உணர்வு. உங்களுக்கு வந்தது இதில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

வட சென்னைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

1992-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தூங்குபவர்களை நடுவில் எழுப்பி, கொஞ்ச நேரம் முழிக்க வைத்து, மறுபடி தூங்க விட்டார்கள். சிலருக்கு ஆய்வுக்கூடத்திலேயே தூக்க முடக்கம் வந்துவிட்டது. அதாவது, தூக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டினால் அமுக்குவானை வரவழைக்கவே முடியும்.

இப்போ நம்ம ஏரியாவை நினைச்சுப் பாருங்க. துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டு அனல்மின் நிலையம், எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்கத் தொழிற்சாலைகள். காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று மாறிக்கொண்டே இருக்கும். கன்டெய்னர் லாரி டிரைவர் துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது கேபினிலேயே குட்டித் தூக்கம் போடுவார். வண்டி நகர்ந்தால் எழுந்தாக வேண்டும். காசிமேட்டில் மீன் எடுக்கப் போகும் அக்காக்கள் ஊரே தூங்கும் நேரத்தில் கூடையோடு கிளம்புவாங்க. வீட்டுக்கு வந்து சமையல் முடித்து, மதியம் கொஞ்சம் கண் அசருவாங்க. எல்லாமே வெட்டி ஒட்டிய தூக்கம்.

நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம்ம உடம்புக் கடிகாரப்படி ரெம் தூக்கம் அதிகம் வரத் துடிப்பது விடியற்காலையிலும் காலையிலும்தான். ராத்திரி முழுக்க முழித்துவிட்டு காலை 7 மணிக்குப் படுத்தால், மூளை சீக்கிரமே ரெம்முக்குள் பாய்கிறது. அந்த நேரம் பார்த்து தெருவில் தண்ணி லாரி ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி, ஒரே ரூமில் பிள்ளைகள் சத்தம். ரெம் நடுவில் முழிப்பு வருது. பூட்டு? இன்னும் திறக்கல!

பல நாள் தூக்கம் பாக்கி இருந்தால், கிடைக்கிற ஒருநாள் தூக்கத்தில் மூளை ரெம்மைச் சேர்த்து வசூல் செய்யும். லீவு நாளில் கலர் கலராகக் கனவு வருவது இதனால்தான். 'ஒரு குவார்ட்டர் போட்டா நல்லா தூக்கம் வரும்' என்பதும் பாதி உண்மைதான். மது முன்ராத்திரியில் ரெம்மை அடக்கிவைக்கும். பின்ராத்திரியில் அது மொத்தமாகக் கிளம்பும். கூடவே தூக்கமும் துண்டாகும்.

பயம்தான் அதைப் பெருசாக்குது

துருக்கியில் இதற்கு 'கராபாசான்' என்று பெயர். கறுப்பாக வந்து அமுக்குவது என்று அர்த்தம். ஜப்பானில் 'கனாஷிபாரி', இரும்பால் கட்டிப்போடுவது. மலாய் மொழியிலும் 'அமுக்கப்படுவது' என்றே சொல்கிறார்கள். எல்லா ஊரிலும் உடம்பு ஒன்றுதான். ஊருக்கு ஊர் மாறுவது பேயின் பெயர் மட்டும்தான்.

ஆனால் அந்தப் பெயர் நம்மை பாதிக்கத்தான் செய்கிறது. எகிப்திலும் டென்மார்க்கிலும் நடந்த ஆய்வு ஒன்றை 2013-ல் வெளியிட்டார்கள். எகிப்தில் பலர் இதை ஜின்னின் வேலை என்று நம்புகிறார்கள். டென்மார்க் மக்களைவிட அவர்களுக்கு முடக்கம் அதிக நேரம் நீடித்தது, செத்துவிடுவோம் என்ற பயமும் கூடுதலாக இருந்தது. படுக்கப் போகும்போதே பயந்தால் தூக்கம் கலையும். தூக்கம் கலைந்தால் முடக்கம் வரும். முடக்கம் வந்தால் பயம் கூடும். இது ஒரு சுழல்.

தலைமாட்டில் இரும்போ வேப்பிலையோ வைப்பது, தாயத்து கட்டுவது, தர்காவில் ஓதிக்கொண்டு வருவது எல்லாம் இந்தப் பயத்தைக் குறைக்கிற அளவுக்கு உதவலாம். மனசு அமைதியானால் நல்லதுதான். ஆனால் கழிப்பு கழிக்க ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீங்க. 'இந்தப் பொண்ணுக்கு ஏதோ பிடிச்சிருக்கு' என்று வீட்டில் முத்திரை குத்தவும் விடாதீங்க. அந்தப் பொண்ணுக்கு வேண்டியது நல்ல தூக்கம்.

'புளியமரத்தடியில் படுத்தால் அமுக்கும், ஏன்னா ராத்திரியில் மரம் கார்பன் டை ஆக்சைடு விடும்' என்று ஒரு 'அறிவியல்' விளக்கமும் சுத்துது. திறந்தவெளியில் ஒரு மரம் விடும் அளவுக்கு யாருக்கும் மூச்சு முட்டாது.

அந்த நிமிஷத்தில் என்ன செய்வது?

நரம்பியல் ஆய்வாளர் பாலண்ட் ஜலால் 2016-ல் முன்வைத்த வழியின் சுருக்கம் இது:

* 'இது அமுக்குவான், ரெம் பூட்டு. தானா திறக்கும்' என்று மனசுக்குள் சொல்லுங்க.
* பயப்பட ஒன்றுமில்லை என்று நினைவுபடுத்திக்கோங்க. இது ஆளைக் கொல்லாது.
* கவனத்தை உருவத்தின் மேல் வைக்காமல் மனசுக்குப் பிடித்த ஒன்றின் மேல் வையுங்க. சாமியோ, அம்மா முகமோ, ஒரு பாட்டோ.
* உடம்போடு சண்டை போடாதீங்க. மூச்சையும் கட்டுப்படுத்தப் பார்க்காதீங்க. அது தானாக ஓடும்.

வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்க. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ தொட்டாலோ பலருக்குச் சட்டென்று விலகிவிடும்.

வராமல் இருக்க...

* ஷிஃப்ட் மாறினாலும் தினமும் சில மணி நேரமாவது ஒரே நேரத்தில் தூங்கப் பாருங்க.
* நைட் ஷிஃப்ட் முடிந்து படுக்கும்போது ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு. 'ரெண்டு மணி வரைக்கும் எழுப்பாதீங்க' என்பதை வீட்டில் சட்டமாக்குங்க.
* ஷிஃப்டின் கடைசி சில மணி நேரத்தில் டீ வேண்டாம். அதிலுள்ள கஃபீன் உடம்பில் பல மணி நேரம் தங்கும்.
* மல்லாக்கப் படுப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது. ஒருக்களித்துப் படுங்க.
* படுக்கையில் ரீல்ஸ் வேண்டாம். முக்கியமா பேய் ரீல்ஸ்!

இதைப் பேய் என்றும் கனவு என்றும் விட்டுவிடக்கூடாது

2023 டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சுத் திணறி எழுந்தார்கள். உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நம்ம ஏரியாவில் ராத்திரி வரும் மூச்சுத் திணறல் எல்லாமே அமுக்குவான் இல்லை. நெடி அடிக்குதா, கண் எரியுதா, இருமல் வருதா, வீட்டில் மற்றவர்களுக்கும் அப்படியே இருக்கா? யோசிக்காமல் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்க.

உடம்பு அசையுது, ஆனாலும் நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ விடவில்லை என்றால் உடனே 108. பலமான குறட்டையும், நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதும் இருந்தால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் வேறு பிரச்னையாக இருக்கலாம். பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் அள்ளினாலும், சிரிக்கும்போது முட்டி மடங்கினாலும் 'நார்கோலெப்சி'யா என்று பார்க்க வேண்டும். முடக்கம் வாரத்துக்குப் பலமுறை வந்து தூங்கவே பயமாக இருந்தாலும் டாக்டரைப் பாருங்க. ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. மன அழுத்தம் காரணம் என்று தோன்றினால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

டாக்டரிடம் போகும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்க: எப்போ படுத்தீங்க, எப்போ எழுந்தீங்க, எந்த ஷிஃப்ட், அமுக்குவான் வந்தது எந்த நாள். அதிலேயே பலருக்குப் பாதி பதில் தெரிந்துவிடும்: அது வந்த நாளெல்லாம் எந்த ஷிஃப்டுக்கு அடுத்த நாள் என்று பாருங்க.